"சீர்மரபினர்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான், நான் சொதப்பிவிட்டேன்

கேள்வி: வரலாறு டீச்சர், மதுரை மேற்கு

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு வரலாறு எடுக்கிறேன். பதினாலு வருட சர்வீஸ். போன வாரம் நானே இழுத்து வைத்துக்கொண்ட ஒரு வினையைச் சொல்லி யோசனை கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

உதவித்தொகைக்காகப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் நகல் கொண்டுவந்தார்கள். வகுப்பு ஆசிரியை நான்தான் என்பதால் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் தாளை நீட்டிக்கொண்டே, "டீச்சர், சீர்மரபினர்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? எங்க மரபுல என்ன சீர் கெட்டுப்போச்சு?" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிக்க வைக்கத்தான் கேட்டான், ஆனால் கேட்ட கேள்வி அசல் கேள்வி.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 1871இல் வெள்ளைக்காரன், சில சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று முத்திரை குத்துகிற குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊரில் அதை ரேகைச் சட்டம் என்பார்கள், கைரேகை எடுத்ததால். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காகத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருவர். 1947இல் இங்கே சட்டம் நீங்கியது, 1952இல் நாடு முழுக்க. அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களுக்கு அதற்குப் பிறகு வந்த பெயர்தான் சீர்மரபினர். இன்று தமிழ்நாட்டுப் பட்டியலில் 68 சமூகங்கள். இதை அந்தப் பையனிடம் வாயால் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மூல ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு வினையானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலிலிருந்து சில பக்கங்களை எடுத்து 41 ஜெராக்ஸ் போட்டேன். தலை அளவு, மூக்கு அளவு அட்டவணை, அதோடு சில சாதிகளைப் பற்றிய வர்ணனை. "அந்தக் காலத்துல நம்மள எப்படிப் பார்த்தாங்கன்னு படிங்க" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

எல்லாரும் முதலில் தேடியது அவரவர் சாதிப் பெயரை. அப்புறம் அடுத்தவன் சாதிப் பெயரை. ஐந்து நிமிடத்தில் ஒருவன் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பக்கத்துப் பையன் மூக்கில் வைத்துவிட்டான். "டேய், நீ எத்தனைடா வர்ற?" ஒரே கூச்சல். மூன்றாவது வரிசையில் ஒரு பெண். அவள் சமூகத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு இழிவாக இருக்கிறது. அவள் தாளை இரண்டாக மடித்தாள், நாலாக, எட்டாக, அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு. மடிப்பை நகத்தால் நீவி நீவி விட்டாள். அதைப் பேனா டப்பாவில் வைத்து மூடினாள். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. மறுநாள் வரவில்லை.

அதற்கு மறுநாள் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பக்கத்தின் போட்டோ. ஹெச்.எம். கூப்பிட்டு, "ஏற்கெனவே கையில கட்டுற கயிறு கலர் பிரச்சினையே தீரல, இது வேறயா மேடம்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, இந்தப் பேச்சையே விட்டுவிடுவது. ஆனால் அவன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்று, மறுபடியும் எடுப்பது. எடுத்தால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "கவனமாகக் கையாளவும்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், அது பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

பதில் 1: பத்தாம் நம்பர் பஸ்

காலாண்டுப் பரீட்சை வருது மேடம். போர்ஷனை முடிங்க. நல்லது செய்யப் போய் மெமோ வாங்கினவங்க எங்க ஸ்டாஃப் ரூம்லயே ரெண்டு பேர் இருக்காங்க.

பதில் 2: ஓய்வுபெற்ற வாத்தியார், கருமாத்தூர்

டீச்சரம்மா, நான் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் இருபத்தாறு வருடம் இருந்தவன். பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகையே இந்தச் சட்டத்தின் மிச்சம்தான், அதனால் பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். (2024இல் நீதிபதி சந்துரு குழு இந்த மாதிரிப் பெயர்களை எடுக்கச் சொன்னபோது எங்கள் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு என்று உங்களுக்கே தெரியும். அது தனிக் கதை.)

நீங்கள் எடுத்த தாளில்தான் கோளாறு. தர்ஸ்டன் பக்கம் ஆளைப் பற்றிப் பேசுகிறது, அதனால் பிள்ளைகள் ஆளைத் தேடினார்கள். நான் சட்டத்தை மட்டும்தான் எடுப்பேன். சட்டத்தில் மூக்கு கிடையாது.

எப்படிச் செய்வேன் என்றால், 1911 சட்டத்தின் பத்தாம் பிரிவைத் தமிழில் கரும்பலகையில் எழுதுவேன். பதிவு செய்யப்பட்டவர் குறித்த இடைவெளியில் நேரில் வந்து ஆஜராக வேண்டும், எங்கே தங்குகிறார் என்று தெரிவிக்க வேண்டும், இடம் மாறினாலும் வெளியூர் போனாலும் தெரிவிக்க வேண்டும். சாதிப் பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு மட்டும். "இந்தக் கோட்டுல உங்க தெருப் பேரை எழுதுங்கடா" என்பேன். அப்புறம் ஒரு கணக்கு: தேனியில் அத்தை மகளுக்குக் கல்யாணம், ராத்திரி தங்க வேண்டும், யார் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவாய்? பிள்ளைகள் முதலில் விளையாட்டாக ஆரம்பிப்பார்கள். ராதாரிச் சீட்டு, அதாவது வெளியூர் போக அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும் என்றதும், "சீட்டு குடுக்கலைன்னா?" என்பான் ஒருவன். "மாப்பிள்ளையே நான்தான்னா?" என்பான் இன்னொருவன். அங்கிருந்து வகுப்பு தானாக ஓடும்.

மொழிபெயர்ப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். 1871 சட்டத்தின் ஆரம்பத்தில் 'அடிக்டட்' என்று ஒரு சொல் வரும், ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்வதற்கு அடிக்டட் ஆன கூட்டம் என்று. இதைத் தமிழில் எழுது என்றால் "அடிமையான" என்று எழுதுவார்கள். ஒரு பையன் கேட்டான், "குடிக்கு அடிமை மாதிரி களவுக்கு அடிமையா சார்? அப்ப தொட்டில்ல கெடக்குற பிள்ளை எப்ப அடிமையாச்சு?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

கடைசியாக அதே 1871 சட்டத்தின் ஆறாம் பிரிவு. ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது, அறிவிப்பே முடிவான சாட்சி. "அப்பீல் எங்க போடுறது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காத வருடமே இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடிய, ரோசாப்பூ துரை என்று நம் பக்கம் சொல்கிற பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அந்த இடத்தில்தான் கொண்டுவர வேண்டும். முதலிலேயே கொண்டுவந்தால் வெறும் பெயராகப் போய்விடும்.

பதில் 3: மூணாவது வரிசை

டீச்சர், பேனா டப்பாவை மூடின அந்தப் பொண்ணு இடத்தில் இருந்தவள் நான். ஊர் வேறு, வருடம் வேறு. எங்கள் சாரும் நல்ல எண்ணத்தில்தான் வாசித்தார். எங்கள் சாதிப் பெயர் வந்த வரியில் குரலைத் தணித்தார், அவ்வளவுதான். நாற்பது தலை திரும்பி என்னைப் பார்த்தது. பாடம் சட்டத்தைப் பற்றி, பார்வை என் மேல்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். இரண்டாவது தடவையும் நாற்பது தலை திரும்பும். "நீ என்னம்மா நினைக்கிறே?" என்றும் கேட்காதீர்கள், அவள் சாட்சி சொல்ல வந்தவள் இல்லை. முதலில் அந்த 41 ஜெராக்ஸையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். அவளிடம் தனியாக, நின்றுகொண்டே, ஒரு நிமிடம் போதும்: "நான் கொடுத்த விதம் தப்பு" என்று மட்டும்.

இன்னொன்று, வாத்தியார் ஐயா கோபிக்கக் கூடாது. பெருங்காமநல்லூருக்கு நினைவுத் தூண் இருக்கிறது, ஏப்ரலில் மாலை போட ஆள் வருகிறார்கள். உங்கள் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகள் கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். பட்டியலில் இருக்கிற சின்னச் சமூகங்களுக்குத் தூணும் இல்லை, துரையும் இல்லை. எங்கள் தாத்தா செத்தது ஸ்டேஷனில், அதற்குத் தேதிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. பாடத்தை வீரத்தில் கொண்டுபோய் முடித்தால் எங்களுக்கு அதில் இடம் இருக்காது.

பதில் 4: எழும்பூர் தூசி

பழைய தாள்களோடு புழங்குகிற வேலை எனக்கு. வாத்தியார் சொன்ன சட்ட வழி எனக்கும் சரி என்றே படுகிறது. ஆனால் தர்ஸ்டனை மொத்தமாக ஓரங்கட்ட வேண்டாம், நீங்கள் எடுத்த பக்கம்தான் தப்பு.

அவர் 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்துக்குக் கண்காணிப்பாளர். போகிற இடமெல்லாம் அளவுகோலும் காலிப்பரும் போகும். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் மூக்கு எண். 1901 கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஆகச் சமூக மதிப்பு இறங்கும் என்றே எழுதியவர். இதையெல்லாம் அன்றைக்கு அறிவியல் என்றார்கள்.

ஆனால் முதல் தொகுதியின் முன்னுரையில் தர்ஸ்டனே இரண்டு சங்கதி எழுதியிருக்கிறார். வயநாட்டில் இவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம், தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று நினைத்து. நீலகிரியில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஓர் இருளர், உயரம் அளக்கிற கம்பைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்கவே மறுத்துவிட்டாராம். அவர் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். எனக்கென்னவோ அந்த ஏழு தொகுதியிலும் அவரைச் சரியாக அளந்தவர்கள் இவர்கள்தான் என்று தோன்றும். இந்தப் பத்தியை மட்டும் கொடுத்து, "ஓடினவங்க நினைச்சது தப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். (விலங்கைப் பதப்படுத்தி நிறுத்துவதற்கும் தமிழில் 'பாடம்' என்றுதான் பெயர். டீச்சர் கவனிக்க.)

ஜெராக்ஸ் வேண்டாம். ஒரே தாள், உங்கள் கையில், வாசித்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். கையில் கிடைத்த படம் எங்கெல்லாம் போகும் என்று 2012இல் பார்த்தோமே. அம்பேத்கர் நத்தை மேல் உட்கார்ந்திருக்கும் 1949ஆம் வருட கார்ட்டூன், என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் வந்து ஆறு வருடம் கழித்து நாடாளுமன்றமே நின்றது. அடுத்த மாதமே இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கார்ட்டூனுக்கு நம் ஊரில் எதிர்ப்பு. இரண்டிலும் படத்துக்குப் பக்கத்தில் பாடம் இருந்தது, சண்டைக்கு வந்தது படம் மட்டும்தான்.

கேட்டவரின் பதில்: வரலாறு டீச்சர், மதுரை மேற்கு

எல்லாருக்கும் நன்றி. பஸ்காரருக்கும்தான், போர்ஷன் இன்னும் முடியவில்லை.

திங்கள்கிழமை தாள்களைத் திரும்ப வாங்கினேன். 38 வந்தது. இரண்டு பேர் தொலைத்துவிட்டார்களாம். அந்தப் பிள்ளை வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றபடியே, மூணாவது வரிசை சொன்ன அதே ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள். தாளைக் கேட்டதற்கு, "அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. எண்ணிக்கையில் 39 என்று எழுதிக்கொண்டேன்.

வியாழன் பத்தாம் பிரிவு எடுத்தேன், ஐயா சொன்னபடி கோடு போட்டு. தெருப் பெயரை எழுதச் சொன்னதில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் தெருப் பெயரே சாதிப் பெயர். ஐயா ஊரில் வேறு மாதிரி போல. அவசரமாக "உங்க ரோல் நம்பரைப் போடுங்க" என்று மாற்றினேன், அதுவே இன்னும் பொருத்தமாகிவிட்டது. இருளர் தூக்குமரம் என்று சொன்ன இடத்தை வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. போன வாரம் ஸ்கேல் எடுத்தானே, அவன் மட்டும், "அந்தாளு அப்புறம் என்ன ஆனாரு டீச்சர்?" என்றான். தர்ஸ்டன் அதற்கு மேல் சொல்லவில்லை என்றேன்.

மூணாவது வரிசைக்கு: வீரத்தில் முடிக்கவில்லை. முடிக்கவே விடவில்லை என்பதுதான் நிஜம். மணி அடிக்கிற நேரத்தில் கடைசி பெஞ்சுக்காரன், "1947ல சட்டம் போச்சு, சரி. ஸ்டேஷன்ல இருந்த பேரையெல்லாம் அழிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டான். மறு வருடமே, 1948இல், சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். எழும்பூர்க்காரரே, அந்த 1948 சட்டத்தின் முழு வாசகம் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். புதன்கிழமை நாலாவது பீரியட் எனக்கு வேண்டும்.