ஃபெரிட்டின் நார்மல் என்றார்கள், ரத்தம் மட்டும் ஏறவே இல்லை

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9.2. இரும்புச் சத்து மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சை, வாரம் இரண்டு முறை ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) என்று எல்லாம் சாப்பிட்டேன். “மாத்திரையைத் தூக்கிப் போடுறியா?” என்று மாமியார் கேட்டார். களைப்பைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது.

உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று பார்க்கும் ஃபெரிட்டின் டெஸ்டில் 58 வந்தது. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. இரும்புச் சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது, கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவது சகஜம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அப்படியே போனது. மாடி ஏறினால் படபடப்பு. யாருக்கும் தெரியாமல் டப்பாவிலிருந்து பச்சரிசி எடுத்து மென்றுகொண்டிருப்பேன்.

வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே, “யூரின் போகும்போது எரியுதாம்மா?” என்று கேட்டார். எரிந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாக நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். கல்ச்சரில் ஈ.கோலை கிருமி வளர்ந்தது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 34. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் இரும்பு நிரம்பியிருக்கும் அளவு, வெறும் 8 சதவீதம்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது உண்மைதான், ஆனால் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் சேமிப்பு காலியாக இருந்தாலும் அது ஏறிவிடும். அதே நேரத்தில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. கிருமிக்கும் இரும்பு தேவை என்பதால் உடம்பு இரும்பைப் பூட்டிவைக்கிற வழி இது. குடல் இரும்பை உள்ளே விடாது, இருப்பில் உள்ளதும் வெளியே வராது. நான் போட்ட மாத்திரையில் பெரும்பகுதி வீணாகத்தான் போயிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. இந்த 70 கர்ப்பிணிகளுக்கென்று வகுத்தது இல்லை. ஆனாலும் 58-ஐ மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தொற்றுக்கு மருந்து முடித்து மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஃபெரிட்டின் 11! பிறகு அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 200 மில்லிகிராம் வீதம் ஐந்து தடவை டிரிப்ஸில் ஏற்றினார்கள். இரும்புக் குறைவால் வந்த பச்சரிசி ஆசை, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே போய்விட்டது.

*பதில்:*
அக்கா, என் தங்கைக்கு மூட்டு அழற்சி நோயான முடக்குவாதம் உண்டு. அவளுக்கு ஏழாம் மாதம் ஃபெரிட்டின் 110, ஆனால் ஹீமோகுளோபின் 8.9. அவள் டாக்டரும் டிரான்ஸ்ஃபெரின் செறிவை வைத்துத்தான் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்.

*பதில்:*
நான் கிராம சுகாதார செவிலியர். எரிச்சலே இல்லாமலும் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரில் கிருமி இருக்கலாம், அதனால் யூரின் டெஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள். கர்ப்பத்தில் சிஆர்பி பொதுவாகவே கொஞ்சம் கூடும், லேசாக ஏறியிருந்தால் அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொன்று, ரத்தம் ஏறவில்லை என்று நீங்களாகவே இரண்டு மூன்று மாத்திரை போடாதீர்கள் அம்மா. ஒரே நேரத்தில் இரும்பு அதிகம் போனால் அதுவே ஹெப்சிடினை ஏற்றிவிடும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். சத்து மாத்திரை போட்டதும் டீ வேண்டாம்.

*பதில்:*
பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா அக்கா? எனக்கு இப்போது ஆறாம் மாதம், பயமாக இருக்கிறது.

*பதில்:*
இல்லைம்மா. பிரசவத்துக்குப் போகும்போது 11.1 இருந்தது, குழந்தை 2.9 கிலோ. உன் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டினோடு சிஆர்பியும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேள். எங்கள் வீட்டில் ஃபெரிட்டின் 58, 11 என்று வந்த அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமியாருக்குக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த டிரிப்ஸ் போடப் போனபோது சாப்பாட்டுக் கூடையோடு அவரும் கூட வந்தார்.