பிக்சலுக்குப் பாத்தியா, கட்டமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

படத்தின் மிகச்சிறிய துணுக்கான பிக்சலுக்குப் ‘படவணு’ இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு என்று நம் குழுவின் ஐயா கேட்டிருந்தார். கைப்பேசித் திரைக்கும் கேமராவுக்கும் அது போதும். நான் கேட்பது செயற்கைக்கோள் படத்துக்கு (யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குச் செய்மதிப் படம்). அங்கே பிக்சல் திரையில் ஒரு துணுக்கு மட்டுமல்ல, தரையில் ஓர் இடமும்கூட. அந்த இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

தேட வைத்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். மேட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். “இதில் ஒவ்வொரு படப்புள்ளியும் பத்து மீட்டர் அகலம்” என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “புள்ளிக்கு நீளமும் கிடையாது அகலமும் கிடையாதுன்னு கணக்கு டீச்சர் சொன்னாங்களே சார்?” என்றாள். நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து ஒருவன், “நம்ம நந்தி எங்க சார்?”

அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே வரும். அந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்த நந்தி. படத்தில் நீர் வற்றிய கரை பளிச்சென்று தெரிகிறது, நந்தியைக் காணோம். உண்மையில் நந்தி அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறார். அவரைச் சுற்றியுள்ள நூறு சதுர மீட்டரில் கிடக்கும் சேறு, தண்ணீர், கல் எல்லாவற்றிலிருந்தும் திரும்பிய வெளிச்சத்தோடு சேர்ந்து, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் ஒரே எண்ணாகிவிட்டார். புள்ளி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு இதை விளக்க முடியவில்லை. ‘அணு’ என்றாலும் இதே கதைதான். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் அந்த ‘அணு’ 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். ஏறக்குறைய 22 சென்ட்! யாழ்ப்பாணக் கணக்கில் மூன்றரைப் பரப்பு. வீடு கட்டி, கிணறு வெட்டி, நாலு தென்னையும் வைத்துவிடலாம்.

சென்டில் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதனால்தான் போன மாதம் இங்கே ‘பாத்தி’ என்ற சொல்லை முன்வைத்தேன். கீரைப் பாத்தி, உப்புப் பாத்தி என்று எல்லாருக்கும் தெரிந்த சொல். சதுரம் சதுரமாக நிலத்தைப் பிரிப்பதும் கண்முன் வரும். சிலர் ஆதரித்தும் எழுதினீர்கள். இப்போது அதை நானே திரும்பப் பெறுகிறேன்.

ஊர் ஏரியின் பரப்பை எண்ணிப் பார்க்கச் சொன்னபோது குட்டு வெளிப்பட்டது. அண்மை அகச்சிவப்புப் பட்டையில் (கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுத்த படத்தில்) தண்ணீர் கறுப்பாக விழும். கறுப்புச் சதுரங்களை எண்ணி நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் கிடைத்துவிடும். நல்ல கறுப்பு 397 வந்தது. கரையோரத்தில் கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் 96. அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரே கூச்சல். விட்டால் 9 ஏக்கர் 81 சென்ட். எல்லாவற்றையும் சேர்த்தால் 12 ஏக்கரைத் தாண்டுகிறது. கடைசியில் பாதிக்குப் பாதி என்று சமரசமாகி 11 ஏக்கரில் நின்றது. அப்போது ஒரு பையன் கேட்டான்: “பாத்தின்னா வரப்பு இருக்கணுமே சார், கரையை ஏன் ரெண்டா வெட்டுது?”

அவன் கேட்டது நியாயம். பாத்தியின் ஓரம் மனிதன் போட்ட வரப்பு. செயற்கைக்கோளுக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. தன் போக்கில் சதுரம் போட்டுக்கொண்டு போகும். ஒரே சதுரத்துக்குள் பாதி ஏரி, கால் கரை, மிச்சம் கருவேலம் என்று கலந்து கிடக்கும். பாத்தி என்று பெயர் வைத்தால் ஒரு பாத்தியில் ஒரே பயிர் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. சொல் அழகாக இருந்து என்ன செய்ய, பாடத்தைத் திருப்பிவிடுகிறதே.

ஆகவே தரைக்கட்டம். கோலத்துக்கும் பரமபதத்துக்கும் கட்டம் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே என்ன கிடந்தாலும் கட்டம் அதன்மேல் போடப்படுவது. இந்தப் பொருள் பாத்தியில் இல்லை. கரையோரத்துச் சதுரங்களைக் ‘கலப்புக் கட்டம்’ என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள், நான் சொல்லித்தரவில்லை. ‘கட்டம்’ என்றால் முதற்கட்டம், இறுதிக்கட்டம் என்ற பொருளும் வருமே என்று ஒரு அன்பர் தனிமடலில் எழுதியிருந்தார். வரும். ‘தரை’ முன்னால் நிற்கும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள்.

இதோடு ரெசல்யூஷன் (படம் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்ற அளவு) பஞ்சாயத்தும் பாதி தீர்கிறது. கணினிக்காரர்கள் தெளிவுத்திறன் என்கிறார்கள், இயற்பியல்காரர்கள் பிரிதிறன் என்கிறார்கள். செயற்கைக்கோள் படத்துக்குத் தெளிவுத்திறன் என்ற சொல் கூடவே கூடாது என்பது என் கட்சி. ஐப்பசியில் சென்னையைப் படம் எடுத்தால் முழுக்க மேகம். ஒன்றும் தெளிவாக இராது. ஆனாலும் அது பத்து மீட்டர் படம்தான். பிரிதிறனில் அந்தக் குறை இல்லை. ஆனால் ‘10 மீட்டர் பிரிதிறனைவிட 30 மீட்டர் பிரிதிறன் குறைவு’ என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், முப்பது எப்படிப் பத்தைவிடக் குறைவு என்று விழிப்பார்கள். ‘10 மீட்டர் தரைக்கட்டம், 30 மீட்டர் தரைக்கட்டம்’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை. சென்டினல்-2இன் 13 பட்டைகளில் நான்கு 10 மீட்டர், ஆறு 20 மீட்டர், மூன்று 60 மீட்டர். அந்த 60 மீட்டர் கட்டம் ஒன்றே 89 சென்ட். இதைப் பிரிதிறனில் எழுதிப் பார்த்தேன், மூன்று வரி பிடித்தது.

பிரிதிறனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பொதுத் தலைப்பாக இருக்கட்டும். அதன்கீழ், எத்தனை நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது என்பதற்கு ‘மறுவருகை’ போதும்: ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோளுக்கு 16 நாள் மறுவருகை, லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்தால் 8 நாள்.

இன்னொன்று, இது சொல் தகராறைவிடப் பெரியது. அச்சுக்குப் போகவிருக்கும் என் பயிற்சி ஏட்டில் எல்லாவற்றையும் ‘இலவசப் படங்கள்’ என்று எழுதியிருந்தேன், ஒரு நண்பர் சரியாகவே பிடித்துக்கொண்டார். லேண்ட்சாட் படம் ஒன்று 600 டாலருக்கு விற்ற காலம் உண்டு. 2008இல் தொகுப்பு முழுவதையும் திறந்துவிட்டார்கள். யாரும் இறக்கலாம், வெட்டலாம், அச்சடிக்கலாம். சென்டினலும் அப்படியே, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். கூகுள் எர்த்தையும் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் அந்தப் படத்தின்மேல் கோடு வரைந்து, யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற அனுமதி இல்லை. பார்க்க மட்டும் தருவதும் எடுத்தாளத் தருவதும் ஒன்றல்ல. எனவே முதலாவதைக் ‘காட்சி இலவசம்’ என்றும், இரண்டாவதைத் ‘திறந்த படம்’ என்றும் பிரித்திருக்கிறேன். ‘கட்டற்ற’ என்பதை வேண்டுமென்றே தவிர்த்தேன். பக்கத்திலேயே தரைக்கட்டம் நிற்கும்போது, கட்டம் அற்ற படம் என்று யாராவது படித்துத் தொலைப்பார்கள்.

ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘தரைக்கட்டம்’ என்றே போட்டிருக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பிக்சல் என்றும் இருக்கும். ஐயாவுக்கு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு ஏற்கெனவே சொல் இருந்தால் யாராவது அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். பொருத்தமாக இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.