அப்பாவின் வயல் குறிப்பேடுகளை இணையத்தில் ஏற்ற பிளாக்கர் போதுமா, வேர்ட்பிரஸுக்கு மாற வேண்டுமா?

பாமணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வைத்த பதினொரு வயல் குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், எந்தப் பங்கில் எந்த நெல் விதைத்தார் என்ற விவரம், மாவுக்கு எத்தனை கலம் கண்டுமுதல், நடவாட்களுக்குக் கொடுத்த கூலி எல்லாம் அவற்றில் உள்ளன. மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று சரியாகத் திறந்த ஆண்டுகளுக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருப்பார். அந்தக் கோடு இல்லாத பக்கங்களே அதிகம்.

ஆறு ஆண்டுகளாக இவற்றைப் பகுதி பகுதியாக, கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதி வருகிறேன். 140 இடுகைகள் ஆகிவிட்டன. இப்போது சொந்த முகவரியில் ஒரு வலைத்தளமாக அமைக்க விரும்புகிறேன். வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளுக்கு மாறினால்தான் மதிப்பு என்று தங்கை மகன் சொல்கிறான். நகரத்தில் ஒரு கடைக்காரர் ஆண்டுக் கட்டணம் பேசி, எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் வாரியாகவும் நெல் ரகம் வாரியாகவும் வாசகர்கள் தேட முடிய வேண்டும். நான் கைப்பேசியில்தான் எழுதுகிறேன். படிப்பவர்களும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டுத்தான் வருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

அரசலாறு எழுதியது:

வணக்கம் ஐயா. கும்பகோணத்தில் சிறு நிறுவனங்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆகையால் நான் வேர்ட்பிரஸைத்தான் பரிந்துரைப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

நம் பக்கத்தில் கோயில் அடிமனையில் வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வீடு நம்முடையது, மனை நம்முடையது அன்று. பிளாக்கரில் எழுதுவதும் அப்படித்தான், இடம் கூகுளுடையது. சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை நிறுவினாலும், தளம் இருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் தளத்தின் முகவரிப் பெயரான டொமைனுக்கும் ஆண்டு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டத் தவறினால் தளம் மறைந்துவிடும். எனவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, உங்களுக்குப் பிறகு அந்த வாடகையை யார் கட்டுவார் என்பதைத்தான்.

பிளாக்கரிலேயே இருந்துகொண்டு சொந்த டொமைனை மட்டும் வாங்கி இணைக்கலாம். அதற்கு கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. அமைப்புகள் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, டொமைன் வாங்கிய இடத்தில் அதை பிளாக்கரோடு இணைக்கும் சிநேம் (CNAME) என்ற பதிவுகள் இரண்டைச் சேர்த்தால் போதும். பழைய பிளாக்ஸ்பாட் இணைப்புகளைத் தொடுபவர்களும் தாமாகவே புதிய முகவரிக்கு வந்து சேர்வார்கள். டொமைனைப் புதுப்பிக்க மறந்துபோனாலும் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழைய முகவரிக்கே திரும்பலாம். எழுதியது எங்கும் போகாது.

ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023-இல் அறிவித்தது. ஆகவே தங்கை மகனையும் அந்த வலைப்பதிவுக்கு நிர்வாகியாகச் சேருங்கள். உங்கள் கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் கூகுள் கணக்கிலேயே குறித்து வைக்க முடியும்.

வெட்டாறு எழுதியது:

நண்பர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஐயா கேட்டது பருவம் வாரியாகவும் ரகம் வாரியாகவும் தேடும் வசதி. பிளாக்கரில் இருப்பவை ஒரே தட்டில் கிடக்கும் லேபிள்கள், அதாவது குறிச்சொற்கள். தாளடியில் தூயமல்லி போட்ட ஆண்டுகளை மட்டும் காட்டு என்று ஒரு வாசகர் கேட்டால் அங்கே அதற்கு நேரான வழி இல்லை. வேர்ட்பிரஸில் வகைக்குள் உள்வகை வைக்கலாம். ஆண்டு, ரகம், கண்டுமுதல் என்று தனித்தனிக் கட்டங்களையும் அமைக்கலாம். 2003-இல் வெளியான கட்டற்ற மென்பொருள் அது. எந்த ஒரு நிறுவனமும் கதவை மூடி அதை முடக்கிவிட முடியாது. கூகுளோ வலைப்பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய ரீடரை 2013-லும் சமூக வலைத்தளமான பிளஸை 2019-லும் மூடிய நிறுவனம்.

என் அனுபவத்தில் கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வரலாற்றுத் தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய அன்று தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. தரவுத்தளம் தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இல்லாமல் லத்தீன் குறியாக்கத்தில் இருந்ததே காரணம். காப்புநகல் ஒன்று கைவசம் இருந்ததால் பிழைத்தோம்.

தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். ஆனால் அதற்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 குறிகள்தான். ஒவ்வொரு தமிழ்க் குறியும், புள்ளியும் கால்வாங்கியும் உட்பட, முகவரிக்கான குறியீடாக மாறும்போது அதில் ஒன்பதை எடுத்துக்கொள்ளும். ‘மாப்பிள்ளைச் சம்பா நாற்றங்கால்’ என்று நான் தலைப்பிட்ட இடுகையின் முகவரி ‘மாப்பிள்ளைச்-சம்பா-நாற்ற’ என்று அறுந்து நின்றது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து முகவரிப் பகுதியை மட்டும் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாகக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தக் கடைக்காரரிடம் போவதானால், டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். எங்கள் முதல் டொமைனைத் தளம் அமைத்தவர் தம் பெயரில் பதிந்திருந்தார். அவர் தொழிலை விட்டுப் போனதும் முகவரியும் அவரோடு போயிற்று.

அரசலாறு எழுதியது:

முகவரி பற்றி நண்பர் சொன்னது பிளாக்கருக்கும் பொருந்தும். அங்கே தமிழ்த் தலைப்பு முகவரியில் வராது; வெறும் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பெயரும் அதன் பின்னால் ஓர் எண்ணும் விழும். வெளியிடும் முன்பே நிரந்தர இணைப்பைத் தனிப்பயனாக்கி எழுதிவிட வேண்டும். பழைய 140 இடுகைகளை அப்படியே விடுங்கள். இணைப்புகள் ஏற்கெனவே பலருடைய கைப்பேசிகளில் இருக்கும்.

தேடும் வசதிக்கு, பருவத்துக்கு ஒன்றும் ரகத்துக்கு ஒன்றுமாக லேபிள் இட்டு, ஆண்டு வாரியான அட்டவணையைத் தனிப் பக்கமாக வைத்துக் கையாலேயே இணைப்புக் கொடுக்கலாம். பதினொரு குறிப்பேடுகளுக்கு அதுவே போதும். ஆயிரக்கணக்கான இடுகைகள் என்றால்தான் வெட்டாறு சொல்வது கட்டாயமாகும்.

கொள்ளிடம் எழுதியது:

ஹியூகோ போன்ற கருவிகளால் நிலைத்தளம், அதாவது தரவுத்தளம் இல்லாமல் ஆயத்தப் பக்கங்களாலான தளம் அமைத்து, கிட்ஹப் என்ற கோப்புச் சேமிப்புத் தளத்தில் இலவசமாக வைக்கும் வழியும் உண்டு. எழுதியவை யாவும் வெறும் உரைக் கோப்புகளாகவே இருக்கும். ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால் கைப்பேசியில் எழுதுபவருக்கு அது தொல்லை என்பதால் வற்புறுத்த மாட்டேன்.

வேறொன்று கேட்க வேண்டும். குறிப்பேடுகளில் எவற்றையாவது முன்பே டிடிபி மையத்தில் தட்டச்சு செய்து வாங்கியிருக்கிறீர்களா? அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால், எல்லாக் கைப்பேசிகளும் அறிந்த யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றிய பிறகே எந்தத் தளத்திலும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வாசகரின் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. பக்கங்களைப் படமாக மட்டும் போட்டாலும் இதே கதிதான். கீழே உரையையும் சேர்த்து எழுத வேண்டும்.

பாமணிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான்கு குறிப்பேடுகள் பாமினியில்தான் இருக்கின்றன என்பதை இன்று காலை கோப்பைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவற்றை மாற்றுவதே முதல் வேலை.

பிளாக்கரிலேயே தொடர்கிறேன். டொமைனை என் பெயரில் நானே வாங்குகிறேன். தங்கை மகனுக்கு நேற்றிரவே நிர்வாகி அழைப்பு அனுப்பிவிட்டேன். வேர்ட்பிரஸ் வேண்டாம் என்று சொன்னதில் அவனுக்குச் சற்று வருத்தம். ஆண்டு அட்டவணைப் பக்கத்தை நீயே அமைத்துக் கொடு என்றதும் ஒப்புக்கொண்டான். சிவப்புக் கோடு உள்ள ஆண்டுகளை அதில் தனி நிறத்தில் காட்ட முடியுமா என்று அவனே கேட்டிருக்கிறான்.

ஓர் ஐயம் மட்டும் பாக்கி. பிளாக்கரில் காப்புநகல் எடுத்தால் படங்களும் சேர்ந்து வருமா?

அரசலாறு எழுதியது:

வாராது ஐயா. கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் உரையும் பின்னூட்டங்களும் இருக்கும். படங்களுக்கு அவற்றின் முகவரி மட்டுமே இருக்கும். குறிப்பேடுகளைப் படம் எடுத்த மூலக் கோப்புகளை ஆண்டு வாரியாகப் பெயரிட்டு, இரண்டு இடங்களில் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.