ஸ்டைலஸ்: எழுத்தாணியா, தொடுகோலா, வரைகோலா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திரையிலோ பலகையிலோ எழுதவும் வரையவும் உதவும் பேனா போன்ற கருவிதான் ஸ்டைலஸ். அதற்குத் தமிழில் 'எழுத்தாணி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இந்த இழையில் இருவர் கேட்டிருந்தீர்கள். எழுத்தாணி போதாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

அண்ணன் மகளுக்குப் போன மாதம் 12 வயது நிறைந்தது. நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கமெல்லாம் படம் போட்டு நிரப்புகிறவள். இனி திரையில் வரைந்து பழக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வீட்டில் ஒரு டேப்லெட் ஏற்கெனவே இருந்ததால், பிறந்தநாள் பரிசாக ஒரு ஸ்டைலஸ் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் மேலும் 'ஸ்டைலஸ்' என்றுதான் இருந்தது. பிரித்த கையோடு யானை வரைய உட்கார்ந்தாள். தும்பிக்கை அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும். அழுத்திப் பார்த்தாள், பட்டும் படாமல் இழுத்துப் பார்த்தாள். கோடு ஒரே பருமனில்தான் வந்தது. "எனக்குத்தான் வரையத் தெரியலையா அத்தை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அவளுக்கு வரையத் தெரியும். நான் வாங்கியது ரப்பர் நுனி வைத்த வகை. தொடுதிரைக்கு அது விரல் மாதிரி, அவ்வளவுதான். விரலைப் போல மின்னைக் கடத்துகிற நுனி பட்ட இடத்தைத் திரை கண்டுகொள்ளும். எவ்வளவு அழுத்தினோம் என்று சொல்ல அந்தப் பேனாவுக்குள் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கணினியோடு இணைக்கிற, திரை இல்லாத வரைபலகை ஒன்றை வாங்கினேன். அதோடு வந்த பேனாவும் ஸ்டைலஸ்தான்! ஆனால் உள்ளே நடக்கிற வேலை வேறு. பலகை ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதிலிருந்தே ஆற்றலை வாங்கித் திருப்பிக் குறிகை (சிக்னல்) அனுப்புகிறது. அதனால் மின்கலமே வேண்டாம். நுனியை அழுத்த அழுத்த அந்தக் குறிகை மாறும். இப்போது வருகிற பல பேனாக்கள் அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்து அறிகின்றன. அன்று சாயங்காலமே கிரிட்டா என்ற வரையும் செயலியில் தும்பிக்கை ஒழுங்காக வளைந்தது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழில் இப்போதுதான் பெயர் வைக்கப் போகிறோம் என்பதால், நாமும் அதே குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை. விரலுக்குப் பதிலாகத் தொட மட்டும் செய்வதைத் 'தொடுகோல்' என்றும், அழுத்தம் அறிந்து கோடிடுவதை 'வரைகோல்' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பெட்டியில் இந்தப் பெயர்கள் இருந்திருந்தால் அவள் முதல் நாளே சரியானதை வைத்து வரைந்திருப்பாள்.

எழுத்தாணி ஏன் ஒத்துவராது? எங்கள் தாத்தா வீட்டில் மடக்கெழுத்தாணி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் கூர் ஆணி. அது ஓலையைக் கீறும் கருவி. கீறியபின் கரியோ மஞ்சளோ தடவினால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். கை ஒரே சீராக ஓட வேண்டும். ஓலை பொத்துவிடும் என்றுதான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே விட்டார்கள். வரைகோலுக்கோ அழுத்தம் கூடிக் குறைவதில்தான் உயிரே இருக்கிறது. நேர் எதிரான கைப்பழக்கத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் பழைய கருவிக்கும் நியாயம் இல்லை, புதியதற்கும் இல்லை.

'பேனா' போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம், எங்கள் வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வரையும் செயலிக்குள்ளேயே பேனா, பென்சில், தூரிகை என்று கருவிகள் இருக்கின்றன. அவளுக்காக எழுதிவரும் பயிற்சிக் குறிப்பில் 'பேனாவால் பென்சிலைத் தேர்ந்தெடு' என்று எழுதிவிட்டு நானே அடித்தேன்.

கோல் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திரை இல்லாத பலகையில் கை மேசைமேல் இருக்கும், கண் எதிரே திரையில் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் அவள் நிமிடத்துக்கொரு தரம் குனிந்து கையைப் பார்த்தாள். பார்த்தால் கோடு தவறிப் போகிறது. மறுநாள் குனிவதை விட்டாள், கோடு நேரானது. அப்போது எனக்கு 1285ஆம் குறள் நினைவுக்கு வந்தது: 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்'. மை தீட்டும்போது தீட்டுகிற கோலைக் கண் காண்பதில்லை. அங்கே எழுதுவது என்றால் தீட்டுவது, கோல் என்றால் தீட்டும் கருவி. இந்தப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? 'எழுதுகோல்' என்றே வைத்திருக்கலாம், ஆனால் இன்று அது சாதாரணப் பேனாவுக்கும் பென்சிலுக்கும் போய்விட்டது.

தொடுகோலில் எனக்கே ஒரு தயக்கம். கணக்குப் பாடத்தில் 'தொடுகோடு' இருக்கிறது, காதில் இரண்டும் ஒன்று போலவே விழும். 'விரல்கோல்' என்று யோசித்தேன். பொருள் இன்னும் நன்றாக அமைகிறது, ஆனால் சொல்லும்போது நாக்கு தடுக்குகிறது. இதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். வரைகோலை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை.

அப்புறம் ஒன்று. மெல்லிய கைக்கும் கனத்த கைக்கும் ஏற்றபடி அழுத்தத்தைத் திருத்திக்கொள்ள கிரிட்டா அமைப்புகளில் ஒரு வளைவு இருக்கிறது. அதற்கு 'அழுத்த வளைகோடு' என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு, "கைப்பதம்னு வைக்கலாமே அத்தை" என்றாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?