குறைந்த விலை பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி: வாங்கினவர்கள், சரிசெய்தவர்கள் அனுபவம் (டெல்டா பக்கம்)

குடந்தை காவல்காரன்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வருகிறவனிடம் முதலில் கேட்பது "சொந்தத் துப்பாக்கி இருக்கா?" என்றுதான். வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றுகிற வேன், எங்கே போனாலும் இதே கேள்வி. துப்பாக்கியோடு வரும் காவலாளிக்குச் சம்பளம் கூடுதல். நான் லைசன்ஸ் எடுத்ததும் அதற்காகத்தான். பம்ப் ஆக்‌ஷன் (கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை) வாங்கலாமா, இரட்டைக்குழலே போதுமா என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் சேருங்கள்.

காகித வேலை முடியாமல் கடைக்குப் போய் விலை கேட்பதில் பிரயோசனமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள சாதா ஷாட்கன் (குழலுக்குள் வரி இல்லாதது) கேட்பவருக்குக் கொஞ்சம் சுலபமான வழி இருக்கிறது. பிஸ்டல், ரைஃபிள் என்று போனால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஷாட்கன் என்றாலும் போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை விசாரணை எல்லாம் சுற்றி முடிந்து கலெக்டர் கையெழுத்து விழுகிற வரைக்கும் பொறுமை வேண்டும். 2016 விதிகள் வந்த பிறகு பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் மூன்றாண்டுக்குப் பதில் ஐந்தாண்டு செல்லும். ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். திருச்சி நவல்பட்டுப் பக்கம் 1966-லிருந்து இருக்கிற துப்பாக்கித் தொழிற்சாலையிலேயே 12 போர் (குழல் வாய் அளவு) பம்ப் ஆக்‌ஷன் செய்திருக்கிறார்கள். நம் பக்கத்துச் சரக்கு என்று எனக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் கையிருப்புக்குத் தக்கபடி எனக்கு அமைந்தது வேறொரு தனியார் தயாரிப்பு. இன்னொரு லைசன்ஸ்தாரரிடமிருந்து கடை மூலமாக என் பேருக்கு மாறியது. கம்பெனி பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியது நிறைய. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் மாதிரி நிழல் தெரிந்தால் எங்கோ ஒடுங்கியோ வீங்கியோ இருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். புரூஃப் முத்திரை (குழல் சோதனையில் தாங்கியதற்கான அடையாளம்) இருக்கிறதா, குழலில் இருக்கிற எண்ணும் காகிதத்தில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல் உங்களுக்குத்தான். அப்புறம் டம்மி தோட்டா கேளுங்கள். குழலுக்குக் கீழே தோட்டா நிற்கிற டியூப் நிறையப் போட்டு, பம்ப் கைப்பிடியை இழுத்துத் தள்ளி, ஒவ்வொன்றும் மேலேறுகிறதா, வெளியே தெறிக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

என் துப்பாக்கியில் டம்மி நன்றாகவே ஓடியது. ரேஞ்சில் நிஜத் தோட்டா போட்டதும் வெடித்த கூடு சேம்பரிலேயே (தோட்டா உட்காருகிற அறை) ஒட்டிக்கொண்டது. கைப்பிடியை இழுத்தால் வரவில்லை. விலை குறைந்த துப்பாக்கியில் இது சகஜம். சேம்பருக்குள் கடைசல் கோடுகள் அப்படியே இருக்கும். வெடிக்கும்போது விரிகிற கூடு அந்தக் கோடுகளைக் கவ்விக்கொள்ளும். ரிப்பேர் லைசன்ஸ் உள்ள கடையில் கொடுத்து சேம்பரை மட்டும் லேசாக பாலிஷ் செய்து வாங்கினேன். ஆனால் அதற்கு முன்னால், புதிதாக வந்தபோது பூசியிருந்த கிரீஸ் இறுகிப்போய் உள்ளேயே கிடந்ததை எடுத்ததில்தான் பாதிக் கோளாறு போயிற்று. யாராவது "ஜாம் ஆகுது" என்றால் நான் முதலில் கேட்பது, கழற்றித் துடைத்தாயா என்பதுதான்.

இரண்டாவது, தோளில் வைக்கிற கட்டை. ட்ரிக்கரிலிருந்து அடி வரை பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி வருகிறது. நம் ஆட்களில் பலருக்கு இது நீளம். முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் ட்ரிக்கருக்குச் சுகமாக எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை தோளில் உட்காராமல் கைச்சந்தில் உட்காரும், அங்கே உதைத்தால் ஒரு வாரத்துக்கு நீலம் பாரித்திருக்கும். அதே கடையில் கட்டையைக் குறைத்து, அடியில் நல்ல ரப்பர் பேடு வைத்தார்கள். இந்தத் துப்பாக்கிக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். அதற்குப் பிறகு எல்.ஜி. (பெரிய சில்லு உள்ள, பலமாக உதைக்கிற தோட்டா) போட்டாலும் முகம் திரும்புவதில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. குறி பார்க்கிற முனைக் குண்டுமணியில் வெள்ளை பெயிண்ட் ஒரு பொட்டு, மங்கலில் தெரியும். தோல் வாருக்குப் பதில் நைலான் வார். அவ்வளவுதான்.

மன்னை மைனர் பேரன்

அண்ணே, எங்கள் வீட்டில் நேர்மாறு. தாத்தா காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழல், வெள்ளி வேலைப்பாடு எல்லாம் உண்டு. அப்பாவுக்குப் பிறகு வாரிசாக எனக்கு வந்தது. எதற்கு பம்ப் என்று வீட்டில் சண்டை. குழலைத் துடைத்துப் பார்த்தால் மேலே வரிவரியாகக் கோலம் மாதிரி நெளிவு. கடைக்காரர் பார்த்ததுமே, "தம்பி இது டமாஸ்கஸ் குழல். கருமருந்து காலத்துச் சாமான். இப்போது வருகிற தோட்டாவைப் போட்டால் குழல் கிழியலாம், கையை யார் தருவது?" என்றார். அது பூசை அறைக்குப் பக்கத்தில் லைசன்ஸோடு சும்மா இருக்கிறது. இரண்டாவதாக ஒரு சாதா பம்ப் வாங்கினேன். அம்மா இன்னும் அதை "தகர டப்பா" என்றுதான் சொல்கிறார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆயுத பூசைக்கு இரண்டுக்கும் சந்தனம் வைப்பார்கள். வைக்கட்டும், வேண்டாம் என்றால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. ஆனால் ராத்திரியே துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் பொட்டு வடிவத்திலேயே துரு பிடிக்கிறது.

படுகை வாழை

கொள்ளிடக் கரையில் வாழை வைத்திருக்கிறேன். துப்பாக்கி வாங்கியது தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் வந்து, "பன்றிக்குத்தானே?" என்றார்கள். ஒரு ராத்திரி கூட்டமாக இறங்கிக் கன்று முழுக்கக் கிளறிப்போட்டபோது, பக்கத்துத் தோட்டத்து மாமா என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு "எடுடா அதை" என்கிறார். எடுக்கவில்லை. லைசன்ஸ் இருப்பதும் காட்டு விலங்கைச் சுட அனுமதி இருப்பதும் வேறு வேறு என்று அவருக்குப் புரியவைக்க விடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் அரசு சொன்னது கூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வருகிற பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம் என்பதுதான். நானோ மாமாவோ சுடலாம் என்று எங்கேயும் இல்லை. மயில் பற்றிச் சொல்லவே வேண்டாம், தேசியப் பறவை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை.

பம்ப் இழுக்கிற சத்தத்துக்கே எல்லாம் ஓடிவிடும் என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அவர்கள் எங்கள் ஊர்ப் பன்றியைப் பார்த்ததில்லை. வயலில் உண்மையான நஷ்டம் எலியால்தான். அதற்குத் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி இருக்கிறது, லைசன்ஸும் வேண்டாம். தோட்டத்து வீடு ஒதுக்குப்புறம், இரண்டு தடவை மோட்டார் திருடு போனது, அதனால் வாங்கினேன். காரணத்தை விண்ணப்பத்தில் இப்படியே எழுதுங்கள். பயிர் பாதுகாப்பு என்று எழுதினால் வேறு கதைக்குப் போய்விடும்.

கல்யாணத்துக்கு "ஒரே ஒரு வெடி" கேட்கிறவர்களும் வருவார்கள். 2019 திருத்தத்தில் அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறேன்.

வேதாரண்யம் உப்புக்காற்று

குடந்தை அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கடற்கரைக்கு வந்தால் கணக்கு மாறும். இங்கே உப்பளத்துக் காற்று. ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் குழலில் செம்மண் தடவினது மாதிரி இருக்கும். விலை குறைந்த துப்பாக்கியில் கருப்புப் பூச்சு மெல்லிசு, அதனால் இன்னும் சீக்கிரம்.

2018 நவம்பர் 16, கஜா. ஓடு முழுக்கப் போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. வெளிச்சம் வந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தேடினால், பரண் சரிந்து, கேன்வாஸ் உறையோடு துப்பாக்கி சேற்றுத் தண்ணீருக்குள் கிடக்கிறது. கரண்ட் இல்லை, கடை இல்லை, எண்ணெய் இல்லை. நல்ல தண்ணீர் குடம் ஒன்று இருந்தது. குடிக்க வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்துக் குழலில் ஊற்றிக் கழுவினேன். வீட்டுக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே! உப்பை நல்ல தண்ணீரில் கழுவி எடுக்காமல் மேலே எண்ணெய் பூசினால் உள்ளேயே அரிக்கும், அதனால் வேறு வழியில்லை. பிறகு வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெயைத் தேடி எடுத்துப் பூசினேன். துப்பாக்கி தப்பியது. தோட்டா எல்லாம் போச்சு. பித்தளை அடி பச்சை பூத்துவிட்டது. வீணான தோட்டாவை ஆற்றில் எறியாமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். லைசன்ஸில் தோட்டாக் கணக்கு இருக்கிறது, பின்னால் கேட்பார்கள்.

அதிலிருந்து வீட்டில் கேன்வாஸ் உறையோ தோல் உறையோ கிடையாது. இரும்புப் பெட்டி, உள்ளே சிலிகா ஜெல், மழைக்காலத்தில் பெட்டியைத் தரையில் வைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அது நாளாக ஆகப் பிசினாகிப் பம்ப் கைப்பிடியைக் கட்டிப்போடும். மிஷின் எண்ணெய் மலிவு, அதையே போடுங்கள்.

திருவாரூர் தம்பி

குடந்தை அண்ணன், வேதாரண்யம் அண்ணன் இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். குழலைக் கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கி, பிஸ்டல் பிடி வைத்து, கீழே லைட் மாட்டினால் வீட்டுக்குள் திருப்பச் சுலபம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?

குடந்தை காவல்காரன்

தம்பி, வீடியோ எடுத்தவன் ஊர்ச் சட்டம் வேறு. இங்கே குழலை வெட்டுவது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவில் தனிக் குற்றம். 20 அங்குலத்துக்குக் கீழே போனால் உன் லைசன்ஸில் எழுதியிருக்கிற துப்பாக்கியே அது இல்லை. ஜாமீனுக்கு அலைய வேண்டிவரும். பிஸ்டல் பிடி வைத்தால் தோள் தாங்குகிற உதையை மணிக்கட்டு தாங்க வேண்டும். ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். லைட்டைத் துப்பாக்கியில் மாட்டினால், யார் என்று பார்க்கவே குழலை ஆள்மேல் நீட்ட வேண்டிவரும். ராத்திரி வாசலில் நிற்பது உன் சித்தப்பாவாகக்கூட இருக்கும். டார்ச்சைக் கையில் வைத்துக்கொள்.

புதுகை களிமண் தட்டு

டெல்டாவுக்கு எல்லையில்தான் இருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் டிராப் (பறக்கிற களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுடுகிறேன். பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போன ஊர், அதனால் இங்கே பிள்ளைகளுக்கு ஷாட்கன் புதிதில்லை. போட்டியில் பம்ப் யாரும் கொண்டுவருவதில்லை. இரண்டாவது குண்டுக்குள் இழுத்துத் தள்ள வேண்டும், அதற்குள் 110 மில்லிமீட்டர் தட்டு போயே போய்விடும். மேல்கீழ் இரட்டைக்குழல்தான் எல்லாரிடமும்.

ஆனாலும் காவல் வேலை பார்க்கிற ஒருவர் பழகுவதற்காகத் தன் பம்ப்பைக் கொண்டுவந்தார். "துப்பாக்கி சரியில்லை, பாதியில் சிக்குகிறது" என்றார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் கைப்பிடியை முக்கால்வாசிதான் இழுக்கிறார். உடைந்துவிடுமோ என்று ஒரு பயம். கூடு முழுக்க வெளியே போகாது, அடுத்ததும் ஏறாது. பம்ப்பைக் கெஞ்சக்கூடாது, கிணற்றுக் கயிறு மாதிரி கடைசி வரை இழுக்க வேண்டும். டம்மி தோட்டா போட்டு வீட்டில் பழகச் சொன்னேன், சிக்கல் போயிற்று. பழகுவதற்கு எல்.ஜி. வேண்டாம். போட்டியில் போடுகிற 24 கிராம் தோட்டா மெல்லிசாக உதைக்கும், விலையும் தாங்கும்.

இன்னொன்று, ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம் என்கிறார்கள். தப்பு. ரேஞ்சில் பெரிய காகிதம் கட்டி ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். சோக் (குழல் முனையின் ஒடுக்கம்) இல்லாத சிலிண்டர் குழல் என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 40 சதவீதச் சில்லுதான் விழும், ஃபுல் சோக் என்றால் 70. மிச்சச் சில்லு எங்கே போகிறது? நகைக்கடை வாசலில் நிற்கிறவர் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எதிரே பஸ் ஸ்டாண்டு.

திருவாரூர் தம்பி

வெட்டுகிற யோசனையை விட்டுவிட்டேன் அண்ணே. கடைசியாக ஒன்று, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களாமே?

குடந்தை காவல்காரன்

ஆமாம். தேதி அறிவித்ததும் அழைப்பு வரும். வங்கிக் காவலில் இருப்பவர்கள் வங்கியிலிருந்து கடிதம் வாங்கி விலக்குக் கேட்கலாம், அதையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள், ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஒப்படைத்தே ஆக வேண்டும். எண்ணெய் போதாது தம்பி, கிரீஸே பூசிக் கொடு. முடிந்து திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அங்கே அறையில் எல்லாத் துப்பாக்கியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒரு தடவை என் முனைக் குண்டுமணியே உடைந்து வந்தது, எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். கொடுக்கும்போது ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள். ரசீதில் துப்பாக்கி எண், வார், தோட்டா எத்தனை, எல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வா.