திரையிடலா, ஆய்ந்தெடுப்பா?

கலைச்சொற் குழுவினர் அனைவருக்கும் ஹட்டனிலிருந்து வணக்கம்.

மருந்து தேடும் ஆய்வில், ஆயிரக்கணக்கான இரசாயனச் சேர்வைகளை உயிருள்ள கலங்கள் (cells) மீது சோதித்துப் பயனுள்ளவற்றைப் பிரிக்கும் முறைக்கு (screening) 'திரையிடல்' என்று நேற்று முன்மொழிந்திருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். உயர்தர வகுப்பில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, "என்ன படம், சேர்?" என்று கேட்டாள்.

'சலித்தல்' அதைவிட மேல், ஆனாலும் பொருந்தாது. தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடை தூளைப் பருமனால் பிரிக்கிறது. இங்கே தீர்ப்புச் சொல்வது கலம். 8 நிரை, 12 நிரல் என 96 குழிகள் கொண்ட தட்டு. குழிதோறும் கலங்கள், அவற்றின்மேல் ஒரு சேர்வை. பிறகு ரெசசூரின் என்ற நீலச் சாயத்தை விட்டால், கலங்கள் உயிரோடிருக்கும் குழி மெல்ல இளஞ்சிவப்பாகிறது. செத்த குழி நீலமாகவே நிற்கிறது. புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும் சேர்வையைத் தேடுகிறவருக்கு அந்த நீலக் குழிதான் வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வுகூடத்திலும் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், அம்மாமார் கீரை ஆய்வார்கள். முறத்தில் பரப்பி, தண்டு தண்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, பூச்சி அரித்ததை ஒதுக்கி, நல்லதைச் சட்டியில் போடுவார்கள். 'ஆய்வு' என்பதும் இதே ஆய்தல்தான். ஆகவே 'கலவழி ஆய்ந்தெடுப்பு' என்கிறேன்.

சோதிப்பதற்கெனச் சேர்த்துவைத்த சேர்வைகளின் தொகுதிக்கு 'இரசாயன நூலகம்' வேண்டாம். 'சேர்வைத் திரட்டு' போதும். மலேரியாக் கிருமிக்கு எதிராகச் செயற்படும் 400 சேர்வைகளை ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த 'மலேரியாப் பெட்டி' அப்படியொரு திரட்டு. பெட்டி வாசலுக்கே வந்தாலும், சொல் புரியாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

ஆய்ந்தெடுப்பில் தேறுவதைக் 'கொழுந்துச் சேர்வை' எனலாமா? கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தினால்தான் தேயிலை. தேறிய சேர்வைக்கும் மருந்தாவதற்கு முன் அத்தனை வேலை இருக்கிறது.

கண்டியிலிருந்து மறுமொழி:

சேர், 'ஆய்ந்தெடுப்பு' மனதில் ஒட்டிக்கொண்டது. 'கொழுந்துச் சேர்வை'யைத்தான் ஏற்க முடியவில்லை. தலவாக்கலையில் தேயிலையை ஆராய்கிறவர்கள் அதைக் கொழுந்தில் இயற்கையாகவே உள்ள கட்டெக்கின் என்ற சேர்வை என்றே எடுத்துக்கொள்வார்கள். 'தேறிய சேர்வை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையே வைத்துக்கொள்வோம். தமிழகத்து நண்பர்கள் 'உயிரணு' என்று எழுதுவதால், 'கலம்' எங்கள் பாடநூற்சொல் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.