பில் போடும் கணினி திணறுகிறது: ரேம் கூட்டுவதா, டிஸ்க்கை மாற்றுவதா?

கீழமாசி வீதி மளிகை:
கடையில் பில் போடுவது தொடுதிரைக் கணினியில். செலரான் ஜே1900 சிப், 2 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 10. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மாலை 7 மணிக்குப் பார்கோடைக் காட்டினால், சரக்கின் பெயர் திரையில் வர ஆறு விநாடி. வரிசை வாசலைத் தாண்டுகிறது. விற்றவர் புதிது வாங்கச் சொல்கிறார். ரேம் கூட்டினால் போதாதா?

திருமங்கலம் சர்வீஸ்:
போதும் அண்ணாச்சி. ரேம் என்பது ஓடும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக மெமரி. அது நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவைத்து, வேண்டியபோது திரும்ப எடுக்கிறது. கடைக்குள் இடமில்லாமல் மூட்டையைக் கிடங்கில் போட்டுவிட்டு, ஒவ்வொரு கிலோவுக்கும் பையனை அங்கே விரட்டுவதுபோல. கடையைப் பெரிதாக்குங்கள்.

மேலூர் கணினிக்காரன்:
தம்பி நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தைத் தப்பாக எழுதுகிறார். கிடங்குக்கு ஓடும் பையன் நொண்டுகிறான், அவனை மாற்றுங்கள். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், போட்டால் கணினி எழுந்திருப்பதும் வேகமாகும். ரேம் அதற்கு அவ்வளவாக உதவாது. அதோடு, உங்கள் கணக்கு முழுவதும் அந்தப் பழைய டிஸ்க்கில்தானே இருக்கிறது?

திருமங்கலம் சர்வீஸ்:
எஸ்எஸ்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 2 ஜிபியிலேயே விட்டால் பையன் ஓடுவது நிற்காது, வேகமாக ஓடுவான், அவ்வளவுதான். அண்ணாச்சி, கூட்டம் இருக்கும்போது, எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கீழமாசி வீதி மளிகை:
நேற்று இரவு 7.20: மெமரி 93 சதவீதம், டிஸ்க் 100. பில்லிங் மென்பொருளைவிட அதிகம் தின்றுகொண்டிருந்தது குரோம். பதினோரு பக்கங்கள் திறந்திருந்தன, ஒன்றில் பாட்டு. மகன் தலையைச் சொறிகிறான்.

மேலூர் கணினிக்காரன்:
ஆக, செலவில்லாத வைத்தியம் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறது!

உசிலம்பட்டி மருந்துக்கடை:
நடுவில் புகுகிறேன். இதே ஜே1900 கணினியில், லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிடிஆர்3 வகை ரேமைப் போட்டேன். அச்சாகப் பொருந்தியது, திரைதான் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள், கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினேன். இந்தச் சிப்புக்கு வேண்டியது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று பிறகுதான் தெரிந்தது. நான் போட்டது 1.5 வோல்ட். இரண்டுக்கும் 204 கால்கள், வெட்டும் ஒரே இடத்தில்; கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்டியிருக்கும் சீட்டில் ‘பிசி3எல்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

மேலூர் கணினிக்காரன்:
ரேம்தான் என்றால் 8 ஜிபியாகப் போட வேண்டியதுதானே? சிப் தாங்கும்.

திருமங்கலம் சர்வீஸ்:
சிப் தாங்கும், அவருடைய விண்டோஸ் தாங்காது. 32 பிட் என்றால் 4 ஜிபிதான் எல்லை. அதிலும் மற்றவை பிடித்துக்கொண்டதுபோக மூன்றேகாலோ மூன்றரையோதான் கைக்கு வரும். 64 பிட்டுக்கு மாற அழித்து நிறுவ வேண்டும். பில் பிரிண்டருக்கும் எடைத்தராசுக்கும் டிரைவர் மென்பொருள் தேடி அலைவது யார்? பண்டிகை நேரத்தில் அந்த வேலையை எதிரிக்கும் சொல்ல மாட்டேன்.

மேலூர் கணினிக்காரன்:
விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது. விண்டோஸ் 11 இந்தச் சிப்பை ஏற்காது. கிழட்டு மாட்டுக்கு எதற்கு வெள்ளி லாடம்? எஸ்எஸ்டியையாவது நாளை புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். டிடிஆர்3எல் ரேம் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 பள்ளத்தில் நுழையவே நுழையாது.

திருமங்கலம் சர்வீஸ்:
அது நியாயமான பேச்சு. ஆனால் மாடு இன்னும் பால் கறக்கிறதே.

கீழமாசி வீதி மளிகை:
ஞாயிறு மதியம் கடையை அடைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே மிளகாய்த்தூள் நெடி, தும்மல் நிற்கவில்லை. சீட்டில் பிசி3எல் என்றுதான் இருக்கிறது. ஆனால் ரேமுக்கு ஒரே ஒரு பள்ளம்! இன்னொரு 2 ஜிபிக்கு இடமே இல்லை. இதை எடுத்துவிட்டு 4 ஜிபியாக ஒன்று போட வேண்டும்.

மேலூர் கணினிக்காரன்:
மூடியை மூடாதீர்கள் அண்ணாச்சி. டிஸ்க்கும் பக்கத்தில்தான் இருக்கும்.

திருமங்கலம் சர்வீஸ்:
எதைத் தொடுவதற்கும் முன்னால், கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவைத்தீர்களா?

கீழமாசி வீதி மளிகை:
இல்லை. மூடிவிட்டுத் திரும்ப வருகிறேன்.